ஐந்து டிகிரி

ஃப்ரிட்ஜ் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்துங்கள் இன்ஸ்பெக்டர் சார், இல்லாவிட்டால் ரப்பர் ஒட்டாது. இருபது வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். குளிர் விஷயத்தில் நான் கறாரான ஆள். குழந்தைக்காக வைத்தியம் பார்க்கும் பெண்களுக்கான ஹார்மோன் ஊசி இந்த ஊரில் என் கடையில் மட்டும்தான் கிடைக்கும். முன்பெல்லாம் அதற்காக மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், ஐஸ் உருகுவதற்குள் ஓடி வருவார்கள். பாவமாக இருந்தது. அதனால்தான் வரவழைத்து வைத்தேன்.

நீங்கள் விரித்து வைத்திருக்கும் நோட்டு என்னுடையதுதான். ஃப்ரிட்ஜில் எத்தனை டிகிரி என்று தினமும் இரண்டு வேளை பார்த்து எழுத வேண்டும். நான் முதல் தேதியன்றே உட்கார்ந்து மாதம் முழுவதற்கும் ஐந்து, ஐந்து என்று எழுதிவிடுவேன். எப்போது பார்த்தாலும் ஐந்துதான் இருக்கும். அப்புறம் எதற்குத் தினமும் பேனாவைத் தேடுவது?

போன கோடையில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று மத்தியானம் கடையில் தலை சுற்றியது. காற்று வேண்டும் போலிருந்ததால் ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு டேபிள் ஃபேனைச் செருகினேன். போகும்போது ஃபேனை அணைத்தேன், ஷட்டரை இழுத்தேன். பதினாறு நாள் கழித்து வந்து திறந்தால், உள்ளே அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி வெக்கை. ஃப்ரிட்ஜைத் திறந்தேன், விளக்கு எரியவில்லை. நோட்டைப் புரட்டினேன். பதினாறு நாளும் ஐந்து, ஐந்து என்று இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பால் என்றால் திரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்த மருந்து அப்படியில்லை. வீரியம் முழுக்கப் போனாலும் தண்ணீர் மாதிரி தெளிவாகவே இருக்கும். கொட்டியிருக்கலாம். கொட்டினால் ஏன் என்று கேட்பார்கள், நோட்டைக் கேட்பார்கள், லைசென்ஸ் போகும், தெருவில் தலை காட்ட முடியாது. பயம் சார், வேறொன்றுமில்லை. காசுக்கு ஆசைப்பட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ப்ளக்கைச் செருகினேன். சாயங்காலத்துக்குள் ஐந்து டிகிரி வந்துவிட்டது.

முதலில் வாங்கியது ஒரு தையல்காரப் பெண். பத்து நாள் போட்டாள். ஸ்கேனில் கருமுட்டை ஒன்றுகூட வளரவில்லை. கடைக்கு வந்து, "என் உடம்புதான் சரியில்ல போலண்ணே" என்று சொல்லிவிட்டு மீதி ஊசிகளைத் திருப்பிக் கொடுத்தாள். நான் அவளுக்கு நல்லபடியாகவே ஆறுதல் சொன்னேன்.

அடுத்து வந்தது என் தங்கை. கல்யாணமாகி ஏழு வருடம். எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் அவள் போய் அடி வாங்குவாள், ஏனென்றால் நான் அடிக்கு முன்னாலேயே அழுதுவிடுவேன். அவ்வளவு தைரியசாலிக்கு ஊசி என்றால் மட்டும் ஆகாது. அதனால் தினமும் சாயங்காலம் கடைக்குப் பின்னறைக்கு வருவாள், நான்தான் போட்டுவிடுவேன். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும்.

"குத்திக்கிற நானே சும்மா இருக்கேன், உனக்கு ஏன்ணா கை நடுங்குது?" என்று சிரித்தாள்.

அவளுக்கு மட்டும் வெளியூரிலிருந்து நல்ல மருந்து வாங்கிவரலாம் என்று நினைக்காமல் இல்லை. ஆனால் ஒரே கடை மருந்து ஒருத்திக்குப் பலித்து இன்னொருத்திக்குப் பலிக்காவிட்டால் இரண்டு பேருக்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வரும். அதனால் எல்லாருக்கும் கொடுத்ததையே அவளுக்கும் கொடுத்தேன். பாரபட்சம் பார்க்கவில்லை.

அவளுக்கும் ஒன்றும் வளரவில்லை. டாக்டரம்மா போன் செய்து, மருந்து குளிரில்தான் இருந்ததா என்று கேட்டார். நோட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. என் தங்கையின் உடம்பு மருந்துக்கே மசியாத உடம்பு என்று முடிவு செய்து, அடுத்த மாதம் மூன்று மடங்கு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அவள் வந்தபோது பழைய மருந்து தீர்ந்திருந்தது. அந்த வாரம்தான் புதுச் சரக்கு ஐஸ் பெட்டியில் வந்து இறங்கியிருந்தது. நல்ல மருந்து, முழு வீரியம், மூன்று மடங்கு. அது ஒரு சாதாரண உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்திலேயே போட்டிருக்கிறது. நான் அதை மூன்று தடவை படித்தேன். பேசாமல் குறைத்துப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். டாக்டர் எழுதியதை மீறுவது தப்பு. எழுதியபடியே போட்டேன்.

எட்டாம் நாள் ஸ்கேனில் இரண்டு பக்கமும் திராட்சைக் கொத்து மாதிரி முட்டைகள். அவள் கடை வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா மறுபடி போன் செய்தார். முட்டைகளை முதிர வைக்கிற கடைசி ஊசி பாக்கி. இத்தனை முட்டைகள் இருக்கும்போது அதைப் போட்டால்தான் ஆபத்து, நிறுத்தினால் தப்பிக்கலாம்.

"போன தடவையும் இதே மருந்துதானே? ஏதாவது வித்தியாசம் இருந்தா சொல்லுங்க, நான் நிறுத்திடறேன்."

உண்மை வாய் வரைக்கும் வந்தது. வித்தியாசம் ஒன்றுமில்லை மேடம் என்றேன். அன்று சாயங்காலம் அந்த ஊசியையும் நானே போட்டேன். கை நடுங்கவில்லை.

நாலு நாளில் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் மருந்து தெரிந்தவர், ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். தங்கைக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பயப்படாதண்ணா. உன் மருந்து இந்தத் தடவை வேலை செஞ்சுடுச்சு."

மறுநாள் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்துவிட்டது. போய்விட்டாள்.

மஞ்சள் காமாலையின்போது ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறீர்கள். பதினாறு நாள் நான் அங்கே படுத்திருக்கும்போது பூட்டிய கடைக்குள் யார் பார்த்து எழுதினார்கள் என்று கேட்கிறீர்கள். நான்தான் சார். ப்ளக்கைப் பிடுங்கியதும், கெட்டது என்று தெரிந்தே விற்றதும், கேட்டபோது பொய் சொன்னதும் நான்தான். இதுவரை யாரும் இப்படி நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

இந்த மாதப் பக்கத்தை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், இன்று தேதி இரண்டுதான். முப்பது வரைக்கும் எழுதியாயிற்று. ஆனால் இப்போது ஃப்ரிட்ஜ் நன்றாகத்தானே ஓடுகிறது சார்.