மஞ்சள் இறங்காத தாள்

பிரிண்டர் என்பது ஓடிக்கொண்டிருந்தால் கெடாது. சும்மா கிடந்தால்தான் கெடும். பலர் இதை அறியார். என்னைத் தெருவில் எல்லோரும் 'சுத்தக்காரி' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவள் என் அக்கா. தண்ணீர்க் குழாயையே கழுவித் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பவள் என்று கேலி செய்வாள். அது உண்மையே. தாங்கள் கேட்டது மாத்திரையைப் பற்றி. நான் பிரிண்டரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறல்ல.

மூளையில் இரத்தக்குழாய் அடைத்ததிலிருந்து அக்காவுக்கு எழுத்து அடையாளம் தெரியவில்லை. பேச்சுக்குக் குறைவில்லை, வாய் முன்னைவிட நீண்டிருந்தது. நிறங்களும் நன்றாகத் தெரிந்தன. மாத்திரையைப் பிறர் எடுத்துக் கொடுத்தால் அவளுக்குப் பொறுக்காது. "நான் என்ன கைக்குழந்தையா? தள்ளிப் போடி" என்பாள். ஆகவே நான் ஒரு வழி செய்தேன். சத்து மாத்திரைப் புட்டியின் மூடியில் பச்சைத் தாளை ஒட்டினேன். இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரைப் புட்டியின் மூடியில் வான்நீலத் தாளை ஒட்டினேன். மாதத்துக்கு ஒரு தாள் அச்சிட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டுவேன். ஒவ்வொரு நாளுக்கும் காலையிலும் மதியத்திலும் பச்சை வட்டம். இரவில் நீல வட்டம். வட்டத்தின் நிறத்தைப் பார்த்து அதே நிறப் புட்டியைத் திறப்பாள். விழுங்கியபின் வட்டத்தின்மேல் கோடு கிழிப்பாள். ஒரு வேளையும் தவறியதில்லை.

பிரிண்டருக்குள் பச்சை மை கிடையாது. நீலத்தின்மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை. மஞ்சள் அடைத்துக்கொண்டால், பச்சை இருக்கவேண்டிய இடமெல்லாம் நீலமே.

கோடையில் முதன்முறை அவ்வாறு நேர்ந்தது என் குற்றமன்று. வேறு வேலை மும்முரத்தில், அச்சாகி வந்த தாளைப் பாராமலே மாட்டிவிட்டேன். மூன்று வேளையும் நீல மூடி மாத்திரையையே விழுங்கிய அக்கா பகலெல்லாம் தூங்கினாள். எழுந்தால் தலைசுற்றி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரந்தான் அவளை அழைத்துச் செல்ல அவள் மகள் வந்திருந்தாள். மகளுக்கு வேறு ஊரில் வேலை. அம்மா தானே மாத்திரை எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டாள், இனித் தன்னோடு இருக்கலாம் என்பது அவள் எண்ணம். தாயின் நிலையைக் கண்டதும், "அம்மா இன்னும் தேறல சித்தி. கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே திரும்பினாள்.

அவள் சென்ற பின்னரே தாளைக் கவனித்தேன். உடனே கிழித்தெறிந்தேன். பிரிண்டரைத் திறந்து கார்ட்ரிட்ஜ்களைக் கழற்றினேன். காய்ச்சி வடித்த நீரை ஊசியில்லாத சிரிஞ்சால் மைத் துவாரங்களில் சொட்டுச் சொட்டாக விட்டு, அடியில் நனைத்த டிஷ்யூவை மடித்து வைத்துக் காத்திருந்தேன். வேகமாக அழுத்தக் கூடாது. அழுத்தினால் உள்ளே பாழாகிவிடும். டிஷ்யூவில் மஞ்சள் கசியக் கண்டபோது நான் அடைந்த நிம்மதியைத் தாங்கள் நம்பவேண்டும். அக்காவும் தேறினாள்.

தேறியதுதான் தொல்லையாயிற்று. மகள் மறுபடியும் வந்தாள். அக்காவின் துணிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டே, "அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன். நீங்களும் எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவீங்க சித்தி? இனிமே நிம்மதியா இருங்க" என்றாள். அன்புடன்தான் சொன்னாள். அந்த நிம்மதியை நான் சற்று நேரம் நினைத்துப் பார்த்தேன். என்னைத் திட்டுவதற்கு ஆளில்லாத கூடம். கழுவுவதற்கு ஒரே தட்டு.

புதுத் தாள் அச்சிடவேண்டிய நாள் வந்தது. சும்மா கிடந்த பிரிண்டர் மறுபடியும் அடைத்திருந்தது. நீலத்தைக் கழுவினேன். கருப்பையும் இளஞ்சிவப்பையும் கழுவினேன். மஞ்சளுக்கு வந்தபோது சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். நான் செய்தது அவ்வளவே. இன்னும் சில நாள் அவள் தளர்ந்திருந்தால் போதும் என்று எண்ணினேன். சோதனைத் தாளில் மஞ்சள் கோடுகள் விழவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்த பின்பே அக்காவின் தாளை அச்சிட்டேன்.

அக்கா கூர்மையானவள். முதல்முறை என்னை நம்பிக் கேளாமல் விட்டவள், இம்முறை கேட்டுவிட்டாள்.

"ஏண்டி, பச்சையவே காணோமே? எல்லாம் நீலமால்ல இருக்கு?"

"தாள்ல இருக்கிறபடியே சாப்பிடுக்கா."

"சத்து மாத்திரை தின்னு நான் பயில்வான் ஆயிட்டேன்னு டாக்டர் நிறுத்திட்டாராக்கும்?"

"ஆமா."

"சரி சரி. நீ அச்சடிச்சதுல தப்பு இருக்காது" என்று சொல்லி நீல மூடியைத் திறந்தாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மகள் வந்தாள், பார்த்தாள், பயணத்தை மீண்டும் தள்ளிவைத்தாள். அன்றே தாளை மாற்றியிருக்கலாம். மாற்றினால் தேறிவிடுவாள், தேறினால் போய்விடுவாள். இதற்கு வேறு வழி எனக்குப் புலப்படவில்லை. அன்று மாலை அக்கா என் மடியில் தலைவைத்துக் கிடந்து, "உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா" என்றாள். நல்ல உடம்போடு இருந்த காலத்தில் அவள் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. தாள் சுவரிலேயே இருந்தது. பின்னர் ஒரு காலையில் நான் பாலோடு சென்று எழுப்பியபோது அவள் எழுந்திருக்கவில்லை.

மகள் தங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். "மெஷின் கோளாறுங்க. சித்தி பாவம், வயசானவங்க, கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றாள். தாங்களும் வழக்கைக் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடலாம் என்கிறீர்கள். தங்கள் இரக்கத்துக்கு நன்றி. ஆனால் அவ்வாறு எழுதினால், இன்று மாலையே நான் அந்த வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போகவேண்டியிருக்கும்.

ஆகவே, தெரிந்தே செய்தாள் என்று எழுதுங்கள்; கையொப்பமிடுகிறேன். சிறையில் ஓர் அறையில் பலரைச் சேர்த்து வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அங்கே போகிறேன்.