மாடியில் ஒரு வேலை

— ...அசையாதீங்க பாய். நீங்க அசைஞ்சா லிஃப்ட்டும் அசையுது.

— நான் எங்கம்மா அசையறேன்? முட்டி ரெண்டும் அதுவா ஆடுது. இன்னா ஆச்சு, கரண்ட்டா?

— தெரியல... லைட்டு எரியுது. நின்னுடுச்சு.

— ரெண்டு மாடிக்கு நடுவுலயா... அல்லா. தொண்ணூத்தி நாலுல இதே லிஃப்ட்ல ஒரு மேனேஜர் மாட்டிக்கினாரு. கதவ ஒடச்சி எடுக்கறதுக்குள்ள தாடி தொப்புள் வரைக்கும் வந்துடுச்சு. வூட்ல சம்சாரம் அடையாளம் தெரியாம உள்ளயே வுடல.

— பாய், எனக்கு சிரிக்கிற நெலம இல்ல.

— எனக்கும் இல்லம்மா. பயந்தா என் வாய் தானா ஓடும். லியாகத் அலி. இந்தக் கம்பெனில ஆயுசு பூரா தோலு தரம் பிரிச்சேன், இப்ப ரிட்டையர்டு. கேட்டுல வாட்ச்மேன் சர்தார் பாஷாவ கேளுங்க, சொல்வான்... நீங்க?

— செண்பகம். ஸ்டிச்சிங்... ஆமா, மாடில ஆபீசுக்கு போவணும்னு தானே சொன்னீங்க? கீழ போற லிஃப்ட்ல ஏன் ஏறுனீங்க?

— எறங்கிட்டு மறுபடி ஏறுனா போச்சு. மாடில ஒரு வேல. ஒண்ணும் அவசரமில்ல. நீங்க ஸ்டிச்சிங்னா ஷூ பொட்டி வண்டிய ஏன் தள்றீங்க? அது பேக்கிங் பசங்க வேலயாச்சே.

— ...இருங்க, போன் அடிக்குது. ஹலோ, இன்பராஜ் சார்... ஆமா சார், நான் தான் பொட்டிய எறக்கிட்டு வர்றேன்னு... லிஃப்ட் மாட்டிக்கிச்சு சார்... லாரி கொஞ்சம் நிக்கட்டும் சார்...

— யாரும்மா அது, சூப்பர்வைசரா? போன வெச்சப்புறமும் பொட்டிய வுட்டு கண்ண எடுக்கல. லிஃப்ட் பயமா?

— இது வேற பயம் பாய்.

— சொல்லுங்க. வெளில யாருக்கும் கேக்காது. கேட்டாலும் நின்னு கேக்க எவனுக்கு நேரம்?

— நேத்து என் மெஷின்ல ஊசி ஒடஞ்சிச்சு.

— ஒடையாத ஊசி எங்க இருக்குது? துண்டு பூரா பொறுக்கிக் குடுத்தா புது ஊசி தருவாங்க.

— நுனி கெடைக்கல.

— நல்லா தேடுனீங்களா?

— தேடுனேன் பாய். மெஷினடில, மடில, தரைல. இந்த மணிக்கு இத்தன ஜோடின்னு போர்டு ஏறிக்கினே போவுது. பின்னால இன்பராஜ் சாரு, 'இன்னாக்கா, இன்னாக்கா'ன்னு நிக்கறாரு. என் டப்பால பழைய ஊசி நுனி ஒண்ணு கெடந்துச்சு... அத சேத்து வெச்சிக் குடுத்துட்டேன். முழு ஊசின்னு வாங்கிக்கினாங்க.

— அப்ப நெஜ நுனி...?

— இந்த வண்டில எதோ ஒரு ஷூவுல இருக்குது. என் லாட்டு, நேத்து நான் தச்சது பூரா இதுல தான். சின்னப் புள்ளைங்க ஷூ பாய்... இப்ப தான் நடக்க கத்துக்கற புள்ளைங்க. கண்ண மூடுனா ஒரு பிஞ்சுக் காலு உள்ள போவுது.

— இரும்பு இருந்தா செக் பண்ற மெஷின் கத்துமே?

— இரும்பு பக்கிள் வெச்ச ஷூ. எல்லாத்துக்கும் கத்தும். அதனால இத அந்த மெஷின்ல வுடறதில்ல.

— பக்கத்துல ஒக்கார்றவங்க கிட்ட சொல்லியிருந்தா சேந்து தேடியிருப்பாங்க இல்ல?

— பக்கத்துல ஹேமலதா. எத்தினியோ வருசமா முழங்கை இடிக்கிற தூரத்துல ஒக்காந்திருக்குறோம். அவ புள்ள பேரு கூட எனக்குத் தெரியாது. தலைய தூக்குனா ஒரு ஜோடி போய்டும். கூப்பிட வாய் தொறந்தேன் பாய்... இன்னான்னு கூப்பிடறது? அக்கான்னா, தங்கச்சின்னா... அது கூட பேசி வெச்சிக்கல.

— ...பொட்டியத் தொறங்கம்மா.

— சீல் போட்டது. தொறந்தா வேல போய்டும்.

— லாரி ஏறிட்டா ஒரு புள்ள காலு போய்டும். தொறங்க. நான் இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம். வெரல மெதுவா வுடுங்க. அவசரமா வுட்டா கைல குத்தி, இன்னும் உள்ள போய்டும்.

— உங்களுக்கு எதுக்கு பாய் இந்த பேஜாரு? உங்களுக்கு மாடில வேல கெடக்குது.

— கெடக்கட்டும். என் வெரலு இன்னா வெரலு தெரியுமா? ஒரு தோலத் தொட்டா, ஆடு எந்த சந்தைல வித்தது, கெளம்பும்போது அழுதுச்சா சிரிச்சுதான்னு சொல்லும்.

— ஆடு எங்கனா சிரிக்குமா?

— வாலாஜாபேட்டை ஆடு சிரிக்கும். அணைக்கட்டு ஆடு மொறைக்கும்.

— நான் அணைக்கட்டு தான்.

— அதான் ஏறுனதுலேர்ந்து பாக்கறேனே.

— ...எங்கூட்டு ஆடு மொறைக்காது பாய். பஸ் ஏறும்.

— இன்னாது?

— கம்பெனி பஸ்ல பாய். ஒரு நாளு என் பின்னாடியே வந்து ஏறிடுச்சு. கடைசி சீட்டு காலி, போய் படுத்துக்கிச்சு. எனக்கே தெரியாது. பாதிப் பேரு தூக்கம், பாதிப் பேரு போனு. ஆம்பூர் வர்ற வரைக்கும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

— யா அல்லா... தோலு கம்பெனிக்கு தானா பஸ் புடிச்சி வந்த மொத ஆடு. அப்பறம்?

— கேட்டுல எறங்கி லைன்ல நிக்குது. செக்யூரிட்டி தலைய தூக்காமயே, 'கார்டு காட்டு'ன்றாரு.

— சிரிக்க வெக்காதீங்கம்மா, லிஃப்ட் ஆடுது.

— இத நான் யார் கிட்டயும் சொன்னதில்ல பாய். சாயங்காலம் வந்து சொல்லலாம்னா, வூட்ல ஆளுக்கொரு போனு... ஆமா, ஏன் ஒத்தக் கையால தேடுறீங்க?

— இந்தக் கை வாதம்மா. அப்பப்ப மடங்கிக்கும். அத வுடுங்க, ஆடு வூட்டுக்கு எப்டி திரும்புச்சு?

— அதே பஸ்ல தான். வேற எதுல வரும்? சாயங்காலம் வரைக்கும் சைக்கிள் ஷெட்ல கட்டி வெச்சிருந்தேன். கடைசில அதுக்கும் எனக்கும் ஒரே சீட்டு... ஐயோ, மறுபடி அடிக்குது பாய். மெசேஜு கூட வந்திருக்குது. மெக்கானிக் வந்துட்டாராம். கையால சுத்தி கீழ எறக்கப் போறாங்களாம். இன்னும் பாதிப் பொட்டி கெடக்குதே...

— எடுக்காதீங்கம்மா. கொஞ்சம் இருங்க, நான் ஒண்ணு...

— இல்ல பாய், இனி தாங்காது. ஹலோ... சார், எறக்காதீங்க. லாரில ஒரு பொட்டி கூட ஏத்தாதீங்க. நேத்து நான் குடுத்த நுனி அந்த ஊசி நுனி இல்ல... ஆமா சார், தெரிஞ்சே தான்... இதுல எதுலயோ இருக்குது... சரி சார். மேல ஆபீசுக்கே வர்றேன்.

— ...சொல்லிட்டீங்களா.

— சொல்லிட்டேன். வேல போச்சுன்னா, பொண்ணு காலேஜு... அத அப்பறம் நெனைக்கிறேன். உங்க கிட்டயும் ஒண்ணு சொல்லணும். லிஃப்ட் ரிப்பேரே இல்ல. அந்த செவப்பு பட்டன நான் தான் அமுக்கினேன். உங்க முட்டி ஆடறத பாத்தும் சொல்லல. மன்னிச்சிடுங்க.

— தெரியும்மா. அமுக்கும்போதே பாத்தேன்.

— பாத்துட்டா இவ்ளோ நேரம் பயந்துக்கினு ஒக்காந்திருந்தீங்க? ...பாய், உங்க கைல ரத்தம். அந்த வாதக் கைல. தொறங்க பாப்போம்... ஐயோ. ஊசி நுனி... எப்ப கெடச்சுது இது?

— உங்க ஆடு பஸ் ஏறுனப்போ. கத முடியட்டும்னு மூடிக்கினேன். காட்டுனா பட்டன அமுக்கிட்டு போய்டுவீங்க... நீங்க போன எடுத்து சொல்லிடுவீங்கன்னு நெனைக்கலம்மா, அந்த ஒரு நிமிசம் நான் வாயத் தொறந்திருக்கணும். ரிட்டையர் ஆனதுலேர்ந்து வாரா வாரம் ஆபீஸ்ல வேலன்னு சொல்லிட்டு இந்த லிஃப்ட்ல ஏறி எறங்குறேன், மூணு மாடி தூரத்துக்காச்சும் யாருனா பேசுவாங்களான்னு. மேல ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது... அமுக்குங்கம்மா, மேலயே போவலாம், இந்த நுனியோட நானும் வந்து சொல்றேன். இன்னிக்கி தான் மாடில எனக்கு நெஜமா ஒரு வேல இருக்குது.