பக்கத்து சீட்டுக் கைப்பிடி

இல்ல தம்பி, காரு வேண்டாம். இதத் தூக்கிட்டுப் போயி நான் எங்க வைக்கிறது? இதே மாதிரி ஒண்ணு வீட்டுல நிக்கிது. எனக்குக் கைப்பிடி மட்டும் போதும். ஜன்னல் கண்ணாடிய ஏத்தி எறக்க சுத்துவோமே, அது. அப்புறம் கதவுல கை வச்சுக்கிற திண்டு, பூட்டுக் குமிழு. எல்லாம் பக்கத்து சீட்டுப் பக்கம் இருக்கறது. ஓட்டுறவங்க பக்கம் ஒண்ணும் வேணாம். எங்க வண்டியில அந்தப் பக்கம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னுது.

பழைய இரும்புக்குப் போடப்போறதா நீங்க ஃபோன்ல சொன்னதும் எனக்கு வேற ஒண்ணும் ஓடல. பஸ் புடிச்சு வந்துட்டேன். ஆமா, பஸ்லதான். கார வீட்டுல நிறுத்திட்டு காரு சாமான் வாங்க பஸ்ல வர்ற பொம்பளைய நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நல்லாப் பாத்துக்குங்க.

இந்தப் பெட்டியெல்லாம் கொஞ்சம் நகத்திக்கலாமா? விடுங்க, நானே தூக்குறேன். உங்க அப்பா ஓட்டுன வண்டியா? நல்லா வச்சிருந்திருக்காரு. திண்டுல ஒரு கீறல்கூட இல்ல பாருங்க.

கலரா? கலரு என்னவா இருந்தா என்ன தம்பி. எங்களோடது மெரூன், இது பச்சை. இருந்துட்டுப் போவுது. வெயில்ல வெளுத்திருந்தாலும் பரவால்ல. கையில சொரசொரன்னு குத்தக் கூடாது, அவ்வளவுதான்.

புதுசும் வாங்கிப் பாத்தாச்சு. மெக்கானிக்கு பிளாஸ்டிக்குல ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. வீட்டுக்காரரு ஒரு தொடுதான் தொட்டாரு, இது நம்ம வண்டியோடது இல்லன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. சரி, நாமளே தேடுவோம்னு எறங்குனேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அந்தத் திமிரு.

மொதல்ல ஒரு கடைக்குப் போயி கைப்பிடி வேணும்னேன். எந்த வருஷத்து வண்டின்னாரு. மெரூன் கலருன்னேன். அந்தக் கடைக்காரரு உள்ள போயி சிரிச்சிட்டு, மூஞ்சியத் தொடச்சிக்கிட்டுத் திரும்பி வந்தாரு. அடுத்து ஒருத்தரு படம் அனுப்புனாரு, அச்சு அசலா அதே மாதிரி இருந்துச்சு. வாங்கி, சாயந்தரம் பூரா உக்காந்து தேச்சு பளபளன்னு ஆக்கி மெக்கானிக்குக்கிட்டக் கொண்டுபோனேன். அவரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அம்மா இது தையல் மிஷினோடதுன்னாரு.

அதோட விட்டனா? கதவு உள்பக்கத்து அட்டை நைஞ்சு போயிருந்துச்சு. அட்டைதானே, நானே வெட்டிடுறேன்னு வீட்டுக்காரரு பக்கத்துக் கதவுல வச்சு அளவு வரைஞ்சு, வெட்டி, துணியும் ஒட்டிட்டேன். கொண்டுபோயி என் பக்கத்துக் கதவுல வச்சா, ஓட்டையெல்லாம் எதிர்ப்பக்கம் இருக்கு. திருப்பி வச்சா துணி கதவுக்குள்ள போயிடுச்சு, வெறும் அட்டை என்னப் பாத்துக்கிட்டு இருக்கு. கண்ணாடியில தெரியுற உருவம் எப்படித் திரும்பும்னு வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துனவ தம்பி நானு. ரெண்டாவது தடவ சரியா வெட்டுனேன், ஆனா பசையில ரெண்டு விரலு கதவோட ஒட்டிக்கிச்சு. நாத்தனார் வந்து எண்ணெய் ஊத்திப் பிரிச்சு விட்டாங்க. பிரிச்சு விட்டதோட நிக்கல, சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிட்டாங்க.

சரி, அந்தத் துணிய இப்படிக் குடுங்க. இதுக்குப் பின்னாடி ஒரு சின்னக் கம்பிக் கிளிப்பு இருக்கும். துணிய உள்ள குடுத்து இப்படியும் அப்படியும் இழுத்தா தானா கழண்டுக்கும். வீட்டுக்காரரு சொல்லிக் குடுத்தது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

அய்யய்யோ, நெத்தியில பட்டுச்சா? தள்ளி நில்லுங்கன்னு சொன்னேனே. இந்தா, கிளிப்பு உங்க சட்டைப் பையிலதான் கெடக்குது. வந்திருச்சு பாருங்க கைப்பிடி. உள்ள பல்லெல்லாம் தேயாம இருக்கு.

எங்களோடதா? அது ஒருநாள் நான் சுத்தும்போது கையோட வந்துடுச்சு, பின்னாடியே திண்டும் குமிழும் போச்சு. அப்ப எங்க பொண்ணு ரெண்டாங்கிளாஸ். இப்ப அவ பொண்ணு ரெண்டாங்கிளாஸ். சரி பண்ணிடலாம்னாரு வீட்டுக்காரரு. அவரு சும்மா சொல்ற ஆளும் இல்ல. அவரு பக்கம் ஒரு திருகாணி காணாமப் போனா ஊரு ஊரா அலைஞ்சு அதே திருகாணியக் கொண்டுவருவாரு. விளக்கு போடுற குமிழு ஒண்ணுக்காக ரெண்டு நாள் லீவு போட்டாரு. என் பக்கம் அவரு உக்காந்ததே இல்ல பாருங்க, அதனால ஞாபகம் வரல. நானும் வாயத் தொறந்து கேக்கல. கைப்பையில ஒரு குறடு வச்சுக்கிட்டேன். காத்து வேணும்னா எடுத்து, கைப்பிடி இருந்த எடத்துல நீட்டிக்கிட்டு இருக்குற தண்டப் புடிச்சுத் திருப்புவேன். ஒருநாள் கிளாஸ்ல சாக்பீஸ் எடுக்கப் போயி குறட எடுத்துட்டேன். அதுலேருந்து ரிட்டயர் ஆவுற வரைக்கும் நான் குறடு டீச்சர்தான்.

சிரிங்க, சிரிங்க. நானே சிரிச்சதுதான்.

இவ்வளவு நாள் இல்லாம இப்ப என்னன்னா? பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. சக்கரையில அவருக்குக் கண்ணு போயிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா மங்கி, போன வருஷம் சுத்தமா. வண்டி சும்மா நிக்கிதேன்னு பேத்தி எடுத்த வயசுல நான் போயி ஓட்டக் கத்துக்கிட்டேன். சொல்லிக்குடுத்த பொண்ணு சாமி கும்புட்டுட்டுதான் வண்டியில ஏறும். எப்படியோ லைசன்ஸ் குடுத்துட்டாங்க. வாங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம்னு அவரக் கூட்டிப்போயி என் எடத்துல உக்கார வச்சேன்.

புழுக்கமா இருந்துச்சு. கண்ணாடிய எறக்கலாம்னு கைய நீட்டுனாரு. கதவெல்லாம் தடவுறாரு, தண்டு மட்டும் முள்ளு மாதிரி கையில குத்துது. திண்டு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு ஓட்டை. இத்தன வருஷமா நீ எதப் புடிச்சு எறக்குனன்னாரு. குறடுன்னேன்.

எறங்கி வீட்டுக்குள்ள போயிட்டாரு. அதுலேருந்து வண்டிப் பக்கமே வர்றதில்ல. ஆஸ்பத்திரிக்கும் வாடகை வண்டிதான். கோவம் வர வேண்டியவ நானு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது அவரு. நான் சமாதானம் பண்ணிக்கிட்டு அலையுறேன். மெக்கானிக்க வச்சுப் பாத்தேன், வீட்டுக்குள்ளயே அந்த பிளாஸ்டிக்கக் கையில குடுத்தேன், அதத்தான் நம்மளுது இல்லன்னு சொன்னாரு. அதுலயும் ஒரு நியாயம் இருக்குன்னு வச்சுக்குங்களேன். அவரு பக்கத்துக்கு அவரு அப்படி ஒண்ண மாட்டியிருப்பாரா?

குமிழையும் கழட்டிட்டேன். திண்டு அந்த ரெண்டு திருகாணிதான், நீங்களே கழட்டிடுங்க, எனக்குக் கை எட்டல.

தம்பி, இன்னொரு ஒதவி. இதெல்லாத்தையும் எங்கிட்ட குடுக்காதீங்க. உங்க கேட்டுக்கு வெளிய நெழல்ல ஒருத்தரு நிக்கிறாரு பாருங்க, வெள்ளச் சட்டை. ஆமா, அவருதான். தனியாப் போவாதன்னு பஸ்ல கூடவே வந்துட்டாரு, ஆனா உள்ள வர மாட்டேன்னுட்டாரு. நான் கொண்டுபோயிக் குடுத்தா சரின்னு வாங்கிப் பையில போட்டுக்குவாரு. நீங்க குடுத்தா தடவிப் பாத்துட்டு, உங்க அப்பா வண்டிய எப்படி வச்சிருந்தாரு, என்ன ஏதுன்னு நாலு வார்த்த பேசுவாரு. அவரு காரப் பத்திப் பேசி ரொம்ப நாளாச்சு. நீங்க போங்க, நான் இந்தப் பெட்டியெல்லாம் இருந்த எடத்துல எடுத்து வச்சுட்டு, கொஞ்சம் மெதுவாவே வர்றேன்.