ஹேர்னிங் றோட்டில் பதினொரு நிமிடம்

சாரங்கி: ...அப்ப பூச்சியம் எண்டே எழுதட்டோ, மாமா?

கோணேஸ்வரன்: பூச்சியம் எண்டே எழுது. வடிவா எழுது.

சாரங்கி: மூண்டு மாசத்தில ஒரு தரமும் பொலிஸ் உங்கட காரை மறிக்கேல்லை.

கோணேஸ்வரன்: ஏன் மறிக்கப் போறாங்கள்? எண்பதில போற றோட்டில நான் எழுபத்தெட்டில போறன்.

சாரங்கி: அதுக்கே மறிக்கலாம்.

கோணேஸ்வரன்: பிள்ளை... உந்தப் பேப்பரில என்ர பேர் வருமோ?

சாரங்கி: வராது. நீங்கள் முப்பத்தெட்டாம் நம்பர்.

கோணேஸ்வரன்: நம்பரோ. பேரை விட நம்பரிலதான் ஆளைப் பிடிக்கச் சுகம்.

சாரங்கி: ஆரும் பிடிக்க மாட்டினம். இது என்ர ஓகூஸ் யூனிவர்சிற்றிப் படிப்புக்கு. டென்மார்க்கில வெளிநாட்டு முகமுள்ள ஆக்களின்ர காரைப் பொலிஸ் கூடுதலா மறிக்குதோ, இல்லையோ... அவ்வளவுதான் கேள்வி.

கோணேஸ்வரன்: அதைப் பொலிஸிட்டையே கேக்கலாமே.

சாரங்கி: கேட்டனான். தாங்கள் நிறம் பாத்து எழுதிறேல்லையாம். ஆனபடியால் தங்களுக்கும் தெரியாதாம்.

கோணேஸ்வரன்: நல்ல மனிசர். அதோட விட்டிருக்கலாம்.

சுபாஜினி: இந்தா தேத்தண்ணி. சாரங்கி, உனக்குச் சீனி ஒண்டுதானே... இஞ்சாருங்கோ, உங்கட போன் எங்க?

கோணேஸ்வரன்: பொக்கற்றில.

சுபாஜினி: வெளியில எடுத்து மேசையில வையுங்கோ.

கோணேஸ்வரன்: வைச்சாச்சு.

சுபாஜினி: சார்ஜ் இருக்கோ?

கோணேஸ்வரன்: முழுசா இருக்கு. பத்து நிமிசத்துக்கு முன்னமும் கேட்டனீர்.

சுபாஜினி: பத்து நிமிசத்தில இறங்கியிருக்கலாம்.

சாரங்கி: அன்ரி... உங்கட தம்பி, தவம் மாமா... இன்னும் ஒண்டும் இல்லையோ?

சுபாஜினி: இல்லை.

கோணேஸ்வரன்: போன புதன் முள்ளிவாய்க்காலில இருந்து போன் எடுத்தவன். ரெண்டு நிமிசம். அதுக்குப் பிறகு இல்லை. இண்டைக்கு ஏழு நாள்.

சாரங்கி: சண்டை முடிஞ்சுதெண்டு நேற்று டெனிஷ் ரீவியிலயும்...

சுபாஜினி: ரீவி சொல்லும். கனபேர் வெளியில வந்து வவுனியா முகாமில நிக்கினமாம். அங்க ஆருக்குப் போன் குடுக்கிறாங்கள்? பேர் விபரம் வர நாள் எடுக்கும். அவனும் மனிசியும் ரெண்டு பிள்ளையும்... நாலு பேர் எழுத எவ்வளவு நேரம் செல்லும். எழுதுவாங்கள்தானே.

கோணேஸ்வரன்: எழுதுவாங்கள்.

சுபாஜினி: நீ கேக்கிறதைக் கேள் பிள்ளை. அடுப்பில பருப்பு இருக்கு.

சாரங்கி: நான் இன்னொரு நாள் வரட்டோ, மாமா?

கோணேஸ்வரன்: இல்லை, இரு. நீ இருந்தால் அவ கொஞ்சம் கதைக்கிறா. அடுத்த கேள்வி என்ன?

சாரங்கி: மறிச்ச பொலிஸ் உங்களோட மரியாதையா நடந்ததோ? மிகவும், ஓரளவு, இல்லை.

கோணேஸ்வரன்: மிகவும்.

சாரங்கி: மாமா, உங்களை ஒரு தரமும் மறிக்கேல்லையே.

கோணேஸ்வரன்: ...மறிச்சிருந்தால் எண்டு சொன்னனான்.

சாரங்கி: முப்பத்தேழு தமிழ் வீடு போயிட்டன். எல்லாருக்கும் பூச்சியம். லூர்தம்மா அன்ரி எனக்குத் தேத்தண்ணி தர முதலே பூச்சியம் எண்டிட்டா. டெனிஷ்காரர் முப்பது பேரைக் கேட்டன், ஆறு பேர் ஓம் எண்டினம். என்ர கணக்கின்படி இந்தப் பொலிஸுக்கு வெள்ளைக்காரரைத்தான் பிடிக்காது.

கோணேஸ்வரன்: அப்பிடியே எழுதிக் குடு. பரிசு தருவாங்கள்.

சாரங்கி: அதுதான் வேற மாதிரியும் எண்ணினனான்.

கோணேஸ்வரன்: வேற மாதிரி எண்டால்?

சாரங்கி: வாயால கேக்காமல், கண்ணால. ஹேர்னிங் றோட்டில பொலிஸ் நிக்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கெல்லே? அதில நாலு நாள் கொப்பியோட இருந்தனான்.

கோணேஸ்வரன்: நாலு நாள் பஸ் ஏறாமல் தரிப்பிடத்தில இருந்தனியோ? உன்னையல்லோ முதல்ல பிடிச்சிருக்க வேணும்.

சாரங்கி: பஸ் றைவர் ஒராள் கதவைத் திறந்து, வீட்டில ஏதும் பிரச்சினையோ எண்டு கேட்டவர். ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கார் போனது. நாப்பத்தாறில வெளிநாட்டு முகம்.

கோணேஸ்வரன்: எண்பதில போற காருக்குள்ள முகம் எப்பிடித் தெரிஞ்சது? மீசையோ பாத்தனி?

சாரங்கி: அதில வளைவு, எல்லாரும் மெதுவாத்தான் வருவினம். பத்தொன்பது காரை மறிச்சவங்கள். அதில ஏழு எங்கட பக்கம். ஓடினது நூறுக்கு நாலு பேர், மறிபட்டது நூறுக்கு முப்பத்தேழு. அந்த ஏழுக்குள்ள ஒராள் வெய்யில் விளக்கில படுத்துக் கறுத்த டெனிஷ்காரர் போல.

கோணேஸ்வரன்: அவரை எந்தப் பக்கம் எழுதினனி?

சாரங்கி: அடிக்குறிப்பில.

கோணேஸ்வரன்: பாவம் மனிசன். காசு குடுத்தெல்லோ கறுத்தது.

சாரங்கி: மாமா... போன வெள்ளியும் நான் அதில இருந்தனான்.

கோணேஸ்வரன்: தேத்தண்ணி ஆறுது, குடி பிள்ளை.

சாரங்கி: வெள்ளை ரொயோட்டா. பின் கண்ணாடியில பிள்ளையார்.

கோணேஸ்வரன்: பிள்ளையார் கனபேரிட்டை இருக்கு.

சாரங்கி: எங்கட பிராண்டே ரவுணில பிள்ளையாரோட வெள்ளை ரொயோட்டா...

கோணேஸ்வரன்: மெதுவாக் கதை பிள்ளை. குசினிக்குக் கேக்கும்.

சாரங்கி: கேட்டால் என்ன? பிழை ஒண்டும் இல்லையே. லைசென்ஸ் பாக்கிற சாதாரணச் சோதனை.

கோணேஸ்வரன்: டெனிஷில கதைப்பம். டெனிஷில சொல்லு.

சுபாஜினி: எதை டெனிஷில சொல்லப் போறா? நான் நாள் முழுக்க வயோதிபர் இல்லத்தில அந்தப் பாசையிலதான் ஆக்களைக் குளிக்க வாக்கிறனான்.

கோணேஸ்வரன்: அது... கேள்வி டெனிஷில இருக்கெண்டு...

சுபாஜினி: உங்கட முகம் ஏன் உப்பிடி இருக்கு? போன் அடிச்சதோ?

கோணேஸ்வரன்: இல்லை.

சுபாஜினி: அடிச்சால் மறைக்காதேங்கோ. என்ன செய்தியெண்டாலும்.

கோணேஸ்வரன்: அடிக்கேல்லை சுபா. பொலிஸ் மறிச்ச கதை. வெள்ளிக்கிழமை... என்னை மறிச்சவங்கள். அவ்வளவுதான்.

சுபாஜினி: வெள்ளியோ? பாண் வாங்க நிண்டு பிந்தினது எண்டனீங்கள்.

கோணேஸ்வரன்: ஓம்.

சுபாஜினி: பாணும் கொண்டு வரேல்லை.

கோணேஸ்வரன்: ...ஓம்.

சுபாஜினி: ஏன் மறிச்சவங்கள்? என்ன எழுதி எடுத்தவங்கள்? சண்டையை நிப்பாட்டச் சொல்லிக் கொப்பன்ஹேகன் ஊர்வலத்துக்குப் போனதைக் கேட்டவங்களோ?

கோணேஸ்வரன்: ஒண்டும் கேக்கேல்லை. லைசென்ஸ் மட்டும்தான் கேட்டவன், இளம் பெடியன். நான் பைலைக் குடுத்தனான்.

சாரங்கி: எந்தப் பைல்?

கோணேஸ்வரன்: காருக்குள்ள எப்பவும் இருக்கிற பைல். பாஸ்போட் கொப்பி, கலியாணப் பதிவு, ஃபக்ரறிக் கடிதம், நான் டெனிஷ் சோதினை பாஸ் பண்ணின கடுதாசி, மூத்தவன்ர ஊசிக் காட். எல்லாத்தையும் பொறுமையா வாசிச்சவன். ஊசிக் காட்டைப் பாத்திட்டு, ஒரு ஊசி பிந்திப் போச்சு எண்டான்.

சாரங்கி: இதுதான் எனக்குப் பிரச்சினை, மாமா. டெனிஷ்காரரை மறிச்சால் சராசரி நாலு நிமிசம். எங்கட ஆக்களுக்குப் பதினொண்டு. கேக்க முதலே இறங்கீனம், டிக்கியைத் திறக்கீனம், பைலை விரிக்கீனம். மிச்ச ஏழு நிமிசமும் பொலிஸ்ர கணக்கோ, உங்கட கணக்கோ எண்டு என்ர பேராசிரியர் கேக்கிறார்.

கோணேஸ்வரன்: ரெண்டும் இல்லை எண்டு சொல்லு. அது ஊரில உப்புவெளி ஆமிச் சென்றியின்ர கணக்கு. ஆமிக்காரன் மறிச்சால் இறங்க வேணும், கையைத் தலையில வைக்க வேணும். இருவது வருசமாச்சு. கார் நிண்ட உடன கை தன்ர பாட்டில தலைக்குப் போகுது. நான் என்ன செய்ய?

சாரங்கி: ஓம், அதையும் எழுதினனான். பொலிஸ் சிரிச்சுக்கொண்டு கையைப் பிடிச்சு இறக்கிவிட்டவர். நீங்கள் திரும்பவும் தூக்கினீங்கள்.

கோணேஸ்வரன்: சிரிச்சதுதான் எனக்குப் பயம். உப்புவெளியிலும் சிரிச்சவங்கள்.

சுபாஜினி: அதுக்கேன் எனக்குப் பாண் கதை சொன்னனீங்கள்? நான் என்ன, ஏசப் போறனோ?

கோணேஸ்வரன்: உமக்கு இருக்கிற பயத்தில இதையும் சேர்க்க வேண்டாமெண்டு...

சாரங்கி: மாமா, ஒண்டே ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. கொப்பியில கேள்விக்குறி போட்டு வைச்சிருக்கிறன்.

கோணேஸ்வரன்: காணும் பிள்ளை. எழுதினது காணும்.

சாரங்கி: சின்ன விசயம். நீங்கள் தலையில கையோட நிண்ட நேரம், அந்தப் பொலிஸ் ரெண்டு தரம் தன்ர கையைக் காதில வைச்சுக் காட்டினவர். பிறகு உங்கட நெஞ்சைக் காட்டினவர். நீங்கள் மாட்டன் எண்டு தலையாட்டினீங்கள். அது என்ன சோதினை?

சுபாஜினி: காதில கையோ?

சாரங்கி: ஓம் அன்ரி. போன் பிடிக்கிற மாதிரி... ஆ.

சுபாஜினி: எத்தினை மணிக்கு?

சாரங்கி: அன்ரி, நான்... நான் அதை வெட்டிவிடுறன்.

சுபாஜினி: எத்தினை மணியெண்டு எழுதியிருக்கிறாய்?

சாரங்கி: மூண்டு பதினேழுக்கு மறிச்சது. மூண்டு இருபத்தெட்டுக்கு விட்டது.

சுபாஜினி: இஞ்சாருங்கோ.

கோணேஸ்வரன்: ஓம்.

சுபாஜினி: என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

கோணேஸ்வரன்: சேட் பொக்கற்றுக்குள்ள அடிச்சது. நெஞ்சோட சேர்ந்து அதிருது... எடு, எடு, பரவாயில்லை எண்டுதான் பெடியன் சொன்னவன். நல்லாத்தான் சொன்னவன். எனக்குக் கை இறங்கேல்லை. உப்புவெளியில எனக்கு முன்னால நிண்டவன் லேஞ்சி எடுக்கப் பொக்கற்றுக்குள்ள கை விட்டவன், சுபா. லேஞ்சி எடுக்கத்தான். வேர்வை துடைக்க. வெடி விழுந்த பிறகுதான் லேஞ்சி எண்டு தெரிஞ்சது... வெள்ளிக்கிழமை அவன்ர முதுகுதான் எனக்கு முன்னால நிண்டது. றோட்டும் தெரியேல்லை, பொலிஸும் தெரியேல்லை.

சாரங்கி: நான் வெளிக்கிடுறன், அன்ரி.

சுபாஜினி: இரு. எத்தினை தரம் அடிச்சது?

கோணேஸ்வரன்: ரெண்டு தரம். ரெண்டும் நிண்டு நிண்டு அடிச்சது.

சுபாஜினி: நம்பர்?

கோணேஸ்வரன்: எட்டு எட்டு ரெண்டு எண்டு தொடங்கிற நம்பர். அங்கத்தைச் சற்றலைற் போன். அங்கால வந்து காட்டுக்கரையில காரை விட்டிட்டு ஒரு மணித்தியாலமா அடிச்சன். போகேல்லை. அண்டையில இருந்து ஃபக்ரறி மலசலகூடத்துக்குள்ள நிண்டு ஒவ்வொரு நாளும் அடிக்கிறன். தவமாத்தான் இருக்க வேணுமெண்டும் இல்லை... அந்தப் போனை எல்லாரும் பாவிக்கிறவை. வேற ஆரும் பிழையா...

சுபாஜினி: அவன்தான்.

கோணேஸ்வரன்: உமக்கெப்பிடித் தெரியும்? இல்லை, கேளும்... நான் எடுக்கேல்லை எண்டால் அவன் வீட்டு நம்பருக்கு எடுத்திருப்பான். நீர்தான் ஒவ்வொரு நாளும் இல்லை, இல்லை எண்டனீர். புதனுக்குப் பிறகு அவன் எடுக்கேல்லை எண்டு நீர்தானே சொன்னனீர்?

சுபாஜினி: வெள்ளிக்கிழமை மூண்டு முப்பதுக்கு வீட்டுப் போனுக்கு எடுத்தவன். அத்தானுக்கு ரெண்டு தரம் அடிச்சுப் பாத்தனான், எடுக்கேல்லை எண்டான். வன்னி நம்பர் எண்டால் இஞ்சத்தைப் பொலிஸும் ஒட்டுக் கேக்கும் எண்டு நீங்கள் சொல்லித் திரிஞ்சனீங்கள். அந்தப் பயத்தில வேணுமெண்டு எடுக்காமல் விட்டிட்டீங்கள் எண்டு நினைச்சன். நீங்களாச் சொல்லட்டும் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தனான். ஏதோ ஒரு விசயம், உங்களிட்டைத்தான் சொல்ல வேணுமாம். என்னட்டைச் சொல்லடா எண்டு கெஞ்சினன். இல்லை அக்கா, அத்தானிட்டைத்தான் எண்டான். அவர் வேலையால வாற நேரம், நாலு மணிக்கு வீட்டை நிப்பார், அப்ப எடு எண்டன். பின்னால வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது... அவன் சரி அக்கா, நாலு மணிக்கு எடுக்கிறன் எண்டுதான் வைச்சவன். பிறகு போன் அடிக்கவேயில்லை.