ஜெல்லில் கொஞ்சம் கூடுதல் நார்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில் வைக்க எப்போதும் இடம் இருக்காது. அக்கா அதற்காக முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னதால் இதையும் சொல்கிறேன்.

புண்பட்ட கண்ணின் மேல் கட்டுப் போடுவது போல வைக்கிற ஜெல் லென்ஸ் செய்வது என் வேலை. ஜெல் முக்கால்வாசி தண்ணீர்தான், விரல் பட்டாலே கிழியும். அதனால் பஞ்சிலிருந்து எடுத்த செல்லுலோஸ் நாரைச் சேர்ப்போம். அந்த நாரைக் கரைக்கிற காரக் கரைசல் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஆய்வகத்தின் குளிர்பெட்டி பழுதான அன்று ஒரு பாட்டில் கரைசலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். அது பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். நான் மேலே எதுவும் எழுதி ஒட்டவில்லை.

அக்கா வெயிலில் அலைந்துவிட்டு வந்து, அதை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு கண்ணும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, "பாத்ரூம் கழுவுறத நீதான்கா அந்த பாட்டில்ல ஊத்தி வச்சிருக்க. மறந்துட்ட" என்றேன். அவள் நம்பினாள். "எனக்கு இப்பல்லாம் ஒண்ணுமே ஞாபகம் இருக்கறதில்லடா" என்று அழுதாள். அதன்பிறகு அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். பாவமாகத்தான் இருந்தது.

அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அவள். "உன் முழியே சரியில்லையே, என்னடா பண்ணின?" என்று ஒருமுறை கேட்டால் போதும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். இந்த வயதிலும் அப்படித்தான்.

டாக்டர் ஜெல் லென்ஸ் வைக்கச் சொன்னார். அவளுக்கானதை நானே செய்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை. புண் நன்றாக ஆறியது. ஒரு நாள் காலையில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், ஜன்னல் கம்பி தெரியுதுடா. கிட்ட வா, உன் முகத்தப் பாக்கணும்."

பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டேன். அடுப்பில் பால் இல்லை.

அடுத்த ஜோடியில் நாரைக் கொஞ்சம் கூட்டினேன். நார் கூடினால் லென்ஸ் கிழியாது, ஆனால் பால் கலந்தது போல மங்கும். கிழியாமல் இருப்பது அவளுக்கும் நல்லதுதானே. ஜன்னல் மறுபடி மறைந்தது. அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

கண் ஆறிவிட்டது, இனி லென்ஸ் வேண்டாம் என்று டாக்டர் ஃபோனில் சொன்னார். அக்காவிடம், இன்னும் கொஞ்ச நாள் போட வேண்டுமாம் என்றேன். "நீ இருக்கறப்ப எனக்கென்னடா கவலை" என்றாள்.

காற்றுப் படாத கண் சிவந்தது. "மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுடா" என்பாள். ஆறுகிற புண் அப்படித்தான் என்பேன். சீழ் வந்தபோது துடைத்துவிட்டு, புது லென்ஸை வைத்தேன். முந்தையதைவிட நார் அதிகம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரம்மாதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். டாக்டர் லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

இடது கண் போய்விட்டது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

வலது கண் கட்டை நாளைக்குப் பிரிக்கிறார்களாம். பார்வை இருக்கும் என்கிறீர்கள். இத்தனை நாள் கழித்துத் திடீரென்று எல்லாம் தெரிந்தால் அக்கா ரொம்பப் பயந்துவிடுவாள். எங்கள் ஃப்ரிட்ஜில், தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால், ஒரு லென்ஸ் மீதி இருக்கிறது. நான் செய்ததிலேயே உறுதியானது. தயவுசெய்து, என்னை அவள் முன்னால் நிறுத்துவதற்குள் யாராவது அதைப் போட்டுவிடுங்கள்.