ஒரு கால் மட்டும் வெளியிலை

ஹலோ... ஹலோ, மாட்டு டொக்டரோ? நான் நெடுந்தீவிலையிருந்து மரியநாயகி கதைக்கிறன். பசு கண்டு போடேலாமல் கிடக்குது. ஒரு காலும் மூக்கும்தான் வெளியிலை, மற்றக் கால் உள்ளுக்கை. எங்கடை டொக்டர் அக்கரையிலை, குறிகட்டுவான் துறையிலை நிக்கிறார், காத்துக் கடுமையெண்டு வள்ளம் விடேல்லை. மாட்டு டொக்டருக்குப் படிப்பிக்கிற கம்பஸ் நம்பரெண்டு அவரின்ரை கந்தோரிலை இதைத் தந்தவை...

ஓம்... ஓம்... குருபரனோ, சரி தம்பி. மற்றக் காலை என்னெண்டு எடுக்கிறது?...

என்ரை பேரோ? இப்பதானே சொன்னனான்... அக்கா எண்டும் கூப்பிடலாம், மரியநாயகி எண்டும் கூப்பிடலாம். காலைச் சொல்லும்...

பசுவின்ரை பேரோ? செவலை...

என்ன? என்ரை மனம் எப்பிடி இருக்குதோ? தம்பி, நோவு எனக்கில்லை, செவலைக்கு...

ஓம்... ஓம்... "உங்கடை கவலை எனக்கு விளங்குது" எண்டு மூண்டாந்தரம் சொல்லிப்போட்டீர்...

என்னது, சோதினையோ? ஆக்களோடை எப்பிடிக் கதைக்கிறதெண்டோ? உங்கடை ரீச்சர் வெளிநாட்டிலையிருந்து இன்ரநெற்றிலை கேட்டுக்கொண்டிருக்கிறாவோ... சோதினைக்கு நடிக்க வந்த மனிசியெண்டு என்னை நினைச்சவவோ?...

நல்லா நடிக்கிறனாமோ. பொறும், போனைச் செவலையின்ரை வாயடியிலை பிடிக்கிறன்... கத்தினது கேட்டுதோ?... அதுவும் நல்லா நடிக்குதாமோ.

அப்ப ரீச்சரையே கேளும், காலை என்ன செய்யிறதெண்டு... அவ மாட்டு டொக்டர் இல்லையோ. கதைக்க மட்டும்தான் படிப்பிக்கிறவவோ... நீரெண்டாலும் சொல்லுமன்... கண்டு எடுக்கிறது அடுத்த வருசப் பாடமோ. செவலை அதுவரைக்கும் தாங்காது தம்பி.

டேய் மகன் லியோன், இஞ்சை வா. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவு, தேங்காயெண்ணெய் பூசு. அது முக்கேக்கை தள்ளாதை. முக்கல் நிக்கட்டும்... இப்ப கண்டின்ரை தலையை மெல்ல உள்ளுக்கை தள்ளு. முழங்கால் கையிலை அம்பிடுதோ? குளம்பை உள்ளங்கையாலை பொத்திக்கொண்டு கொண்டுவா...

தம்பி, கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரும்... கோவமில்லை, அக்காவுக்குப் பயமாக் கிடக்குது... பேசாமல் இருந்து கேக்கிறதுக்கும் மாக்ஸ் இருக்குதோ? அப்ப அதை எடும்.

வந்திட்டுது, ரெண்டு காலும் வந்திட்டுது. இனி அது முக்கேக்கை இழு. கீழ்ப்பக்கமா, கீழ்ப்பக்கமா... மாதாவே... மூக்கைத் துடை. வைக்கலாலை தேய். இன்னும் தேயடா... ... மூச்சு விடுது.

தம்பி, நிக்கிறீரோ? நாகு கண்டு, பொட்டை. செவலை நக்கத் தொடங்கியிட்டுது...

ஏன் தம்பி அழுறீர்?... கடைசியிலை எல்லாத்தையும் சுருக்கிச் சொல்ல மறந்துபோனீரோ. அதுக்குப் பெயிலோ... சரி, சரி. ஆறுதலாச் சொல்லும், நான் கேக்கிறன்... ஓம்... ஓம்... உம்மடை கவலை எனக்கு விளங்குது.

ஆர்? ரீச்சரோ? வணக்கம் மேடம்... எனக்குத் தொண்ணூறு மாக்ஸோ? எனக்கேன் மேடம், பெடியனுக்குப் போடுங்கோ... ஏலாதோ. சரி.

தம்பி, என்ரை நம்பரை எழுதி வையும். நீர் டொக்டரா வந்தாப்பிறகு எங்கையெண்டாலும் கண்டு சிக்கினால் எனக்குப் போன் அடியும். உம்மடை பேரைப் பிறகு கேப்பன், முதல் காலைக் கேப்பன்... ஓம்... ஓம்... வைக்கிறன்.