பீங்கான் பல்

நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இல்லை, ஐயா. ஒரு சட்டை எடுக்க ஹட்டன் டவுனுக்குப் போனால், கடைக்காரர் கடையை மூடி, மறுபடி திறந்து, மகனுக்குக் கல்யாணமும் முடித்துவிடுவார். நான் இன்னும் துணியைத் தடவிக்கொண்டு நிற்பேன். அதனால் நீங்களும் ஆறுதலாகக் கேளுங்கள். தேத்தண்ணியைக் குடியுங்கள். நான் கூப்பிட்டேன் என்பதற்காகத் தொழில் காரியாலயத்திலிருந்து நோர்வூட் வரை வந்திருக்கிறீர்கள். அரைகுறையாகச் சொல்லி அனுப்பினால் மரியாதையாக இருக்காது.

அழகுமுத்து முதலாளியின் பட்டறையில் ஓய்வு பெறும்வரை, இரும்பைச் செதுக்குகிற மில்லிங் மெஷின் இந்தக் கஸ்பர் கையில்தான் இருந்தது. சுற்றுவட்டாரத் தேயிலை ஃபெக்டரிகளில் கொழுந்தை அரைக்கிற உருளைகள் தேய்ந்தால் எங்களிடம்தான் வரும். சாதாரண இரும்பை யாரும் வெட்டலாம். சூடேற்றி இறுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அப்படியில்லை, அது ரோஷக்காரன். மெஷினில் சுழலுகிற கட்டரின் பல் துணிந்து கடித்தால் வழிவிடும். பயந்து பயந்து உரசினால், உரசின இடத்திலேயே இன்னும் இறுகிக்கொள்ளும். பிழையான கட்டரைப் போட்டால் அது போடுகிற கூச்சலில், பொகவந்தலாவை பஸ்ஸில் தூங்குகிறவன் எழும்பி இறங்கிவிடுவான்.

ஆகவே மெஷினை ஓட்டுவது பெரிய காரியமே இல்லை. எந்தக் கட்டர், எந்தப் பூச்சு, எத்தனை பல், எவ்வளவு கட்டையாகப் பிடிப்பது, இதைச் சொல்வதுதான் வேலை. அதை என்னைத்தான் கேட்பார்கள். மாலை போட்டு, சுவர் மணிக்கூடு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் கேட்டார்கள். பூசை நடக்கும்போது போன் வரும். நான் "கார்பைட், நாலு பல்லு" என்று சொல்லி முடிக்கும்வரை சாமியார் நற்கருணையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம்தான்.

பிறகு என் இடத்துக்கு ஜூட்சன் வந்தார். என் மகள் டெல்சியின் புருஷன். கட்டுநாயக்கப் பக்கம் ஒரு ஃபெக்டரியில் வேலை பழகியவர், கெட்டிக்காரர், அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. போனை இரண்டு தட்டுத் தட்டுவார், எந்தக் கட்டர் என்று அது சொல்லிவிடும். எனக்கு வருகிற போன் குறைந்தது. பிறகு நின்றது. ஒருநாள் பட்டறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். முதலாளி எழுந்து வந்து தோளில் கை போட்டு, "கஸ்பர் அண்ணே, இனி நீங்க வீட்ல இருந்து ரெஸ்ட் எடுங்க. தம்பி பாத்துக்கிறாரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வாசல்வரை வந்து விட்டுப்போனார்.

அடுத்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில் ஜூட்சன் ஒரு பகிடி விட்டார்.

"மாமா கட்டரைத் தெரிவு பண்ணி முடிக்கிறதுக்குள்ள நாங்க உருளையை வெட்டி, ஃபெக்டரிக்கு அனுப்பி, தேயிலை கப்பல் ஏறிரும்."

டெல்சி சிரித்த சிரிப்பில் தண்ணீர் அவள் மூக்கில் ஏறிவிட்டது. நல்ல பகிடிதான். நானும் சிரித்தேன். எல்லாரும் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று என் பெண்சாதி இராசம்மா பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு, வழக்கத்தைவிடக் கடுமையாக இறுக்கிய உருளைகள் சில பட்டறைக்கு வந்தன. ஜூட்சனின் கார்பைட் கட்டர்கள் ஒவ்வொன்றாகக் கருகின. போன் சொன்னது எதுவும் சரிவரவில்லை. ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்து, சப்பாத்தை வெளியில் கழற்றி வைத்துவிட்டு, என் எதிரில் உட்காராமல் நின்றார்.

"எனக்குப் பிடிபடல மாமா. நீங்கதான் சொல்லணும்."

யாருக்காக இருந்தாலும் அந்த இடத்தில் கோபம் ஆறியிருக்கும் என்பீர்கள். எனக்குக் கோபமே இருந்ததில்லை, ஐயா. இல்லாதது எப்படி ஆறும்?

எப்போதோ ஒரு கம்பெனிக்காரர் மாதிரிக்கு விட்டுப்போன செரமிக் கட்டர் என்னிடம் இருந்தது. செரமிக் என்றால் பீங்கான்தான், பல்லெல்லாம் பீங்கான். அந்த ஸ்டீலுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் கொடுத்தது சரியான கட்டர். உச்ச வேகத்தில், செக்கச்செவேலென்று கொதித்துக்கொண்டு வெட்டும். ஒரு குணம் மட்டும் உண்டு. அதைக் காய்ந்தபடியே ஓட்ட வேண்டும். கொதிக்கிற கிளாசைப் பீலியில் கொட்டுகிற குளிர்ந்த தண்ணியில் பிடித்தால் என்ன ஆகுமோ, கொதிக்கிற பல்லில் தண்ணீர் பட்டால் அதுதான் ஆகும்.

ஜூட்சனுக்கும் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. "செரமிக்குக்குத் தண்ணி ஆகாதுனு கேள்விப்பட்டிருக்கேனே, மாமா" என்றார்.

எங்கள் மலையில் ஒரு நம்பிக்கை உண்டு. கீழே செல்லுபடியாகிற கணக்கு இங்கே சரிவராது. பருப்பு வேகிற நேரத்திலிருந்து சீமெந்து காய்கிற நேரம்வரை அது உண்மையும்தான். பிறந்த பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லி வளர்க்கிறோம்.

"அது கட்டுநாயக்க வெக்கைக்குச் சொன்னது, மாப்பிள்ள. நம்ம குளிருக்குத் தண்ணி இல்லாட்டிதான் வெடிக்கும். தெறந்து விட்டு நல்லா ஊத்துங்க."

அவர் கட்டரைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்தார். "நீங்க சொன்னாச் சரி, மாமா" என்றார்.

வெட்டி விழுகிற ஸ்டீல் சீவல் என்ன நிறத்தில் வருகிறது என்று வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். மெஷினுக்கு முன்னால் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து மிஸ்டில், அதுதான் பனிமூட்டத்தில், காலையில் அது வெள்ளையாகப் பூத்துவிடும், எதிரில் ஆனையே நின்றாலும் தெரியாது. கண்ணுக்குப் போட்டிருக்கிற பாதுகாப்புக் கண்ணாடியும் அப்படித்தான். நிறம் பார்க்க வேண்டுமென்றால் இரண்டையும் தூக்காமல் முடியாது. தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை நானும் பட்டறைக்குப் போனேன். என் கட்டர் அல்லவா, பார்க்காமல் எப்படி? இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். என் பழைய பாதுகாப்புக் கண்ணாடியையும் போட்டிருந்தேன். நான் எதிலும் கவனமான ஆள்.

கட்டர் இறங்கிய அழகைச் சொல்லாமல் இருக்க முடியாது, ஐயா. கருகின கட்டர்களெல்லாம் தொடப் பயந்த உருளையை அது வெயிலில் வைத்த மாஜரினைப் போல வழித்துக்கொண்டு போனது. ஜூட்சன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். மறைப்பைத் தூக்கினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், குனிந்தார். தண்ணீரைத் திறந்து நல்லா ஊற்றினார்.

சத்தம் பெரிதில்லை. பிஸ்கட் ஒடிந்தது மாதிரி.

அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விரலிடுக்கால் ஒழுகிக்கொண்டிருந்தது. முதலில் கேட்டது இதைத்தான்: "மாமா, உங்களுக்குப் படலியே?"

படவில்லை என்றேன். மரியாதை தெரிந்த பிள்ளை.

கண்டிக்குக் கொண்டுபோய்க் கண்ணை எடுத்துவிட்டார்கள். டெல்சி இப்போது சாப்பாட்டு மேசையில் சிரிப்பதில்லை. முதலாளி போன் பண்ணி, மிச்ச உருளைகளுக்கு எந்தக் கட்டர் என்று கேட்டார். சொன்னேன். போய் நின்றும் கொடுத்தேன். தண்ணீர் இல்லாமல் ஓட்டினோம், ஒரு பல்கூட உதிரவில்லை. ஜூட்சனுக்கு இன்னொரு கண் இருக்கிறது. நான் நினைத்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். நினைக்கவில்லை. மனிதனுக்கு அளவு வேண்டும்.

இதையெல்லாம் மனசு உறுத்தித்தான் சொல்கிறேன் என்று நீங்கள் எண்ணலாம். உங்களைக் கூப்பிட்ட காரணம் வேறு. ஆஸ்பத்திரியில் ஜூட்சன் உங்களிடம் என்ன சொன்னார் என்று டெல்சி சொன்னாள். மாமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நானாகத்தான் அந்தக் கட்டரைத் தெரிவு செய்தேன், தண்ணீரும் நானாகத்தான் ஊற்றினேன் என்றாராம். என்னைக் காப்பாற்றுகிறாராம். நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஐயா. அந்த ஸ்டீலுக்குச் செரமிக் என்று கண்டுபிடிக்க அவரால் எந்தக் காலத்திலும் முடியாது. தெரிவு செய்தது நான். பல் எப்போது வெடிக்கும், எந்தப் பக்கம் தெறிக்கும், அவர் எங்கே குனிந்திருப்பார் என்று கணக்குப் போட்டதும் நான். உங்கள் அறிக்கையில் அவருடைய பெயரை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.